உழவர் சந்தையில் கடை போட கார்டு வாங்குவது எப்படி? (கத்தரி 70 சென்ட், பட்டா அப்பா பெயரில்)

கிணத்துமேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பல்லடம் பக்கம். ஏழு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, செக்கிங்கில் சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்தேன். போன வருஷம் அப்பாவுக்கு முட்டி வலி முற்றி வரப்பில் ஏறி இறங்கவே முடியாமல் போனதால் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். மொத்தம் ஒன்றரை ஏக்கர். கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர் போட்டிருக்கிறது. இப்போது 70 சென்ட்டில் கத்தரி, மீதியில் சோளத்தட்டும் கொஞ்சம் தென்னையும்.

போன வாரக் கணக்கைச் சொல்கிறேன், பார்த்துவிட்டு யோசனை சொல்லுங்கள். 210 கிலோ கத்தரி மண்டிக்குப் போட்டேன். கிலோ 12 ரூபாய்க்குப் போனது, ஆக 2,520. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 252 போச்சு. குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) வாடகைக்கு என் பங்கு 400, இறக்குகூலி 60. காய் பறிக்க மூன்று பேர், ஆளுக்கு 350. கையில் நின்றது 758 ரூபாய். மருந்து, உரம், என் உழைப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் ஊர் மளிகைக்கடையில் அதே ரகக் கத்தரி கிலோ 40 என்று போர்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

உழவர் சந்தையில் நாமே உட்கார்ந்து விற்றால் என்ன என்று தோன்றுகிறது. கேள்விகள்: நிலம் அப்பா பெயரில் இருக்கிறது, நான் உட்காரலாமா? எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? கடை நிரந்தரமாகக் கிடைக்குமா? என்னிடம் கத்தரி மட்டும்தான் இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் தக்காளி வெண்டை வாங்கிச் சேர்த்து விற்கலாமா? அம்மா போடும் எலுமிச்சை ஊறுகாயையும் வைக்க முடியுமா?

---

கீரைக்கட்டு எழுதியது:

தம்பி, நான் ஈரோடு பக்கம். பதினொரு வருஷமாக உழவர் சந்தையில் கீரை விற்கிறேன், அதற்கு முன்னால் என் மாமியார் விற்றார். நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில், அப்புறம் நீங்கள் கேட்காததற்கும் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

பட்டா அப்பா பெயரில் இருந்தால் ஒன்றும் பிரச்சினை இல்லை. சந்தையில் விற்க விவசாயிக்குக் கொடுக்கும் அடையாள கார்டை அப்பா பெயரில் போட்டு, வீட்டில் யார் யார் வந்து உட்காருவீர்களோ அவர்கள் போட்டோவையும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் கார்டில் வீட்டுக்காரர், நான், மாமியார் மூன்று பேர் முகமும் இருக்கிறது. நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ.விடம் போய் எந்த சர்வே எண்ணில் எத்தனை சென்ட்டில் என்ன பயிர் நிற்கிறது என்று அடங்கல் வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ. எல்லாவற்றையும் சந்தை ஆபீசில் கொடுத்தால் தோட்டத்தைப் பார்க்க ஆள் வருவார்கள். நீங்கள் கத்தரி என்று எழுதியிருந்தால் கத்தரி நிற்கிறதா என்று நேரில் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் கார்டு. பயிர் மாறினால் திரும்பச் சொல்லிப் பதிய வேண்டும், கார்டையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசு அவர்களே தருவார்கள், வியாபாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கடை நிரந்தரம் இல்லை. காலையில் போய் வரிசையில் டோக்கன் வாங்கினால் அன்றைக்கு எந்தக் கடை வருகிறதோ அதுதான். வாசல் பக்கம் விழுந்தால் எட்டு மணிக்கே கூடை காலி. மூலையில் விழுந்தால் பத்து மணி வரைக்கும் கூவிக்கொண்டே உட்கார வேண்டியதுதான்.

இப்போது நீங்கள் கேட்காதது. 70 சென்ட் கத்தரியை வைத்துக்கொண்டு உழவர் சந்தைக்கு வந்தால் அழுதுவிடுவீர்கள். காய்ப்பு உச்சத்தில் ஒரு பறிப்புக்கு 300 கிலோ வரைக்கும் வரும். ஒரு கடையில் உட்கார்ந்து காலையில் நாலைந்து மணி நேரத்தில் எத்தனை கிலோ கத்தரி விற்பீர்கள்? பக்கத்திலேயே இன்னும் பத்துப் பேர் கத்தரி வைத்திருப்பார்கள். அறுபது எழுபது கிலோ விற்றாலே நல்ல நாள். மீதியைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதுவும் நாலு நாளைக்கு ஒரு பறிப்பு, நடுவில் மூன்று நாள் கடைக்கு வர உங்களிடம் சரக்கே இருக்காது. வாடிக்கை என்பது தினமும் அதே முகம் அங்கே இருந்தால்தான் வரும். திங்கள்கிழமை வந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் காணாமல் போகிறவரிடம் யார் தேடி வந்து வாங்குவார்கள்?

மண்டிக்கு ஒரே காய் மொத்தமாக வேண்டும். சந்தைக்குப் பத்துக் காய் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தினமும் வேண்டும். தோட்டத்தையே மாற்றிப் போட வேண்டும். நான் செய்வது இதுதான்: கீரைக்கு மட்டும் 25 சென்ட், ஒவ்வொரு சென்ட்டாக இருபத்தைந்து பாத்தி. தினமும் ஒரு பாத்தி அறுப்பேன், அறுத்த பாத்தியைக் கொத்தி எரு போட்டு ஒரு நாள் இரண்டு நாளில் மறுபடி விதைத்துவிடுவேன். சிறுகீரை இருபத்திரண்டு இருபத்து மூன்று நாளில் அறுவைக்கு வந்துவிடும் என்பதால் வட்டம் சரியாகச் சுற்றி வரும். ஒரு சென்ட்டில் நூறு கட்டுக்குக் குறையாது. அது போக அரைக்கீரை தனியாக, அது வெட்ட வெட்டத் துளிர்க்கும். பாலக், வெந்தயக்கீரை குளிர் மாதங்களில் மட்டும். வரப்பில் கருவேப்பிலை நாலு செடி. வெண்டை 10 சென்ட், அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம் என்பதால் சந்தைக்கு ரொம்பத் தோதானது. இரண்டு நாள் தாமதித்தால் முற்றிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் காயை நீங்கள் விற்கக் கூடாது. அவரையே ஒரு கார்டு போடச் சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே வண்டியில் வரலாம், வாடகை பாதியாகும்.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

கார்டு இல்லாமலே மொத்த வியாபாரி எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? பல்லடத்தில் பீட்ரூட் விளையுமா, கேரட் விளையுமா? கேட்டால் மாமா தோட்டம் ஊட்டியில் இருக்கிறது என்பார்கள். 🙂

---

கீரைக்கட்டு எழுதியது:

தம்பி, கேரட் பீட்ரூட் பார்த்தவுடனே வியாபாரி என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் சந்தையில் மலைக்காய்க்கு மகளிர் குழுவுக்குத் தனியாகக் கடை ஒதுக்கியிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்களுக்கு சாம்பாருக்குக் கேரட்டும் உருளையும் வேண்டும், அது இல்லையென்றால் அவர்கள் வேறு கடைக்குப் போய் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள், நம்ம கீரையும் போணியாகாது. ஆனால் வியாபாரி யாருமே உள்ளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

---

வரப்பு ஓரம் எழுதியது:

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கீரைக்கட்டு அம்மா சொன்னதெல்லாம் சரி. விலை பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதில்தான் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள்.

உங்கள் இஷ்டத்துக்கு அங்கே விலை வைக்க முடியாது. தினமும் காலையில் மொத்த விலையையும் வெளிச் சில்லறை விலையையும் விசாரித்து சந்தை அலுவலர்கள் ஒரு விலை முடிவு செய்து போர்டில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு என்பது ஆரம்பத்திலிருந்து சொல்லிவரும் கணக்கு. உங்கள் கத்தரிக்கே போட்டுப் பாருங்கள். மண்டி 12 என்றால் 20 சதவீதம் கூட்டி 14.40. கடை 40 என்றால் 15 சதவீதம் கழித்து 34. பதினாலுக்கும் முப்பத்து நாலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள், அந்த இடைவெளியில் எங்கேயோதான் அன்றைய போர்டு விலை நிற்கும். வரத்து அதிகமான நாளில் கீழே, கல்யாண முகூர்த்தம் பண்டிகை என்றால் மேலே. ஆகவே மளிகைக்கடை 40ஐ மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். 24 என்று வைத்து, 70 கிலோ விற்றால் 1,680. அதில் கமிஷன் இல்லை. ஆனால் உங்கள் ஒரு நாள் காலை முழுக்கப் போகிறது, அதற்கும் கூலி போட வேண்டும். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை.

கார்டுக்கு ஏன் இத்தனை சோதனை என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோதே அடிப்படை அதுதான்: விளைவித்தவர் மட்டும் விற்க வேண்டும். அதே வருஷம் ஜனவரியில் ஆந்திராவில் இதே மாதிரி விவசாயி நேரடியாக விற்கும் ரைது பஜார் வந்திருந்தது, பஞ்சாபில் 1987லேயே அப்னி மண்டி இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே தலைவலிதான், கொஞ்ச நாளில் வியாபாரி விவசாயி வேஷத்தில் உள்ளே வந்துவிடுவார். அதற்குத்தான் அடங்கல், வயல் ஆய்வு எல்லாம். 2001க்கு அப்புறம் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2006க்குப் பிறகுதான் திரும்ப உயிர் வந்தது. அந்த இடைக்காலத்திலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள், அவர்களால்தான் சில சந்தைகள் நின்றன என்பது என் எண்ணம்.

ஊறுகாய் கேட்டிருந்தீர்கள். தோட்டத்தில் விளைந்ததை அப்படியே விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. ஊறுகாய், பொடி, எண்ணெய் என்று பக்குவப்படுத்தி விற்க ஆரம்பித்தால் பதிவு வேண்டும். சின்ன அளவுக்குக் கட்டணம் கொஞ்சம்தான், லேபிளில் பதிவு எண், தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் பதிவு இருந்தாலும் சந்தைக்குள் வைக்க அலுவலர் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு மாசம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. "இயற்கை விவசாயம்" என்று அட்டை எழுதி வைக்க ஆசை வரும். சான்று இல்லாமல் வைக்காதீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அங்ககச் சான்றளிப்புத் துறை மூலமாகவோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையிலோ சான்று வாங்கலாம். மருந்து அடிக்கிற கத்தரியை வைத்துக்கொண்டு அதை எழுதினால் நாலு நாளில் பக்கத்துக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

---

தேங்காய்ப்பால் எழுதியது:

நான் விவசாயி இல்லை, பதினைந்து வருஷமாக உழவர் சந்தையில் காய் வாங்குகிறவள். வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஆறு மணிக்கு வரும்போதே பத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐநூறை நீட்டுகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஜீபே அட்டை கட்டாயம் மாட்டுங்கள். எங்கள் சந்தையில் ஒரு தாத்தா பேரன் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறார், பணம் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் பேரனுக்குப் போன் போட்டுக் கேட்கிறார், பின்னால் ஏழு பேர் நிற்கிறோம். பாவம்தான், ஆனால் அவசரமாக இருக்கிற அன்றைக்கு அவரிடம் போக மாட்டேன்.

கத்தரிக்காயைப் பொறுக்க விடுங்கள். அழுக்கு, பூச்சி ஓட்டை இருக்கிறதைத் தனியாக ஒரு கூடையில் போட்டு விலை குறைத்துச் சொல்லுங்கள், அதையும் வாங்குவோம். நல்லதுக்கு அடியில் சொத்தையை ஒளித்து எடை போடுகிறவரிடம் ஒரு தடவைதான் ஏமாறுவோம். அப்புறம் கருவேப்பிலை கொத்தமல்லி கொசுறு. இரண்டு இணுக்குதான், ஆனால் அது கிடைக்காத கடைக்கு என் மாமியார் இன்றைக்கும் போவதில்லை!

---

சும்மாடு எழுதியது:

எல்லோரும் நல்லதாகச் சொல்கிறீர்கள், விட்டுவிட்டு வந்தவன் கதையையும் கேளுங்கள்.

எந்தச் சந்தை என்று சொல்லப் போவதில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். இராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து காயைத் தரம் பிரித்து, மூன்று மணிக்கு வண்டி, நாலு மணிக்கு டோக்கன் வரிசை. பத்து மணிக்கு வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் தோட்டத்து வேலையை யார் பார்ப்பது? வீட்டில் இரண்டு ஆள் இருந்தால்தான் இது ஓடும். ஒருவர் விற்க, ஒருவர் விளைவிக்க. என் மனைவிக்கு ஆசிரியர் வேலை, நான் ஒருத்தன்தான். கடைசியில் விளைச்சலும் கெட்டு, விற்பனையும் கெட்டது.

இன்னொரு வயிற்றெரிச்சல், சந்தை வாசலுக்கு வெளியே ரோட்டோரத்தில் வியாபாரிகள் வரிசையாகக் கடை விரித்துவிட்டார்கள். உள்ளே போர்டில் தக்காளி 30 என்று எழுதியிருந்தால் வெளியே 28 என்று கத்துவார்கள். வண்டியிலிருந்து இறங்காமலே வாங்கிக்கொண்டு போகிறவர்களை நாம் என்ன சொல்வது? மனு கொடுத்தோம், இரண்டு நாள் விரட்டினார்கள், மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டார்கள்.

இப்போது நான் செய்வது: வாரத்தில் இரண்டு நாள் வாரச்சந்தை, ஞாயிற்றுக்கிழமை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வாரச்சந்தையில் கார்டு கிடையாது, சுங்கம் மட்டும் கொடுத்தால் போதும், விலையும் நம்ம இஷ்டம். அடுக்குமாடியில் வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டுவிடுவேன், யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள், அந்த அளவுக்கே பறிப்பேன். ஒரு கிலோ கூடத் திரும்பி வராது. ஆனால் இங்கே தராசு சொந்தமாக வைக்க வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாமல் மாட்டினால் அபராதம்.

உழவர் சந்தை தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் விடியற்காலை எழுந்து உட்காருவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

கிணத்துமேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வி.ஏ.ஓ. ஆபீஸ் போய்வந்தேன், அடங்கலில் இன்னும் போன வருஷத்துச் சோளம்தான் இருக்கிறது, கத்தரி ஏறவே இல்லை. திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறார்.

சும்மாடு அண்ணா கேட்டதை வீட்டில் கேட்டேன். அம்மா நான் உட்காருகிறேன் என்கிறார். அப்பா "வண்டி ஏத்திவிட்டா நானும் வர்றேன், உட்கார்ந்து வித்தா முட்டி என்ன பண்ணும்" என்கிறார். ஆறு மாசமாக வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத மனுஷன், சந்தை என்றதும் வெள்ளை வேட்டியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். ஆக விற்க இரண்டு ஆள், விளைவிக்க நான்.

நிற்கிற கத்தரியை அழிக்கப் போவதில்லை. அது முடிகிற வரைக்கும் பெரும்பகுதியை மண்டிக்கே போடுகிறேன், பறிக்கிற அன்று 60 கிலோ மட்டும் சந்தைக்கு. சோளத்தட்டு அறுத்த இடத்தில் 25 சென்ட்டைக் கீரைக்கட்டு அக்கா சொன்ன மாதிரி பாத்தி பிரிக்கலாம் என்று இருக்கிறேன், பக்கத்தில் 10 சென்ட் வெண்டை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் கார்டு போடுகிறேன் என்றார், அவர் தக்காளி, நான் கத்தரி, வண்டி வாடகை ஆளுக்குப் பாதி.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். கீரை நான் விதைத்ததே இல்லை. ஒரு சென்ட் பாத்திக்கு எவ்வளவு விதை? சொட்டுநீரிலேயே வருமா?

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

அப்பாவைக் கல்லாவில் உட்கார வையுங்கள் பாஸ், பேரம் பேசுகிறவன் பாதியிலேயே ஓடிவிடுவான்.

---

கீரைக்கட்டு எழுதியது:

சிறுகீரைக்கு சென்ட்டுக்கு 10 கிராம் விதை போதும் தம்பி. புதிதாக விதைக்கிறவர்கள் எல்லோரும் ஐந்து மடங்கு தூவிவிடுவார்கள், நெருக்கமாக முளைத்து நூல் மாதிரி மெலிந்து சாய்ந்துவிடும், கட்டு கட்ட முடியாது. பத்து கிராமை ஒரு படி காய்ந்த மணலோடு நன்றாகக் கலந்து, பாத்தியில் குறுக்கே ஒரு தரம் நெடுக்கே ஒரு தரம் தூவுங்கள். மேலே மண்ணை மூடாதீர்கள், விளக்குமாற்றால் லேசாக வருடிவிட்டால் போதும். முளைக்கிற வரைக்கும் பூவாளியில் ஊற்றுங்கள், சொட்டுநீர் இதற்கு ஒத்துவராது, வேகமாகத் தண்ணீர் விட்டால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவிவிடுங்கள்.

இருபத்தைந்து பாத்தியையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள், ஆர்வத்தில் அதைத்தான் செய்வீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று. கார்டு கைக்கு வருவதற்குள் முதல் பாத்தி அறுவைக்கு வந்துவிட்டால் வயல் பார்க்க வருகிறவருக்கு இரண்டு கட்டுக் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும்.